பின்னறையில் தூங்குபவர்

ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி போட்ட நான்காம் நாள் காலை, பின்னறைத் தலையணையில் ஒரு குழி விழுந்திருந்தது.

வேலை முடிந்து வந்த அக்கா துடைப்பம் எடுக்கத்தான் அங்கே போனாள். தங்கை தலைசாய்த்திருப்பாள் என்று நினைத்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் படுக்கப் போனாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பு இல்லை.

விமான நிலையத்துக்கு இரண்டாவது ஓடுபாதை வந்ததிலிருந்து அந்தத் தெருவில் காலை ஆறு மணி தொடங்கி மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம், கூரையை உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்தது. இரவில் உழைத்துப் பகலில் தூங்குகிறவள் எட்டு மாதமாகத் தூங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போன மாதம் துணி தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, முழங்கையைச் சுட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்தப் பொய். சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களை விமான நிலையமே இலவசமாகப் போட்டுத் தரும். ஆனால் வீட்டில் மூன்று பேராவது தூங்க வேண்டும் என்பது விதி. இருந்ததோ அக்காவும் தங்கையும். சாமான் அறையைக் காலி செய்து மடக்குக் கட்டில் போட்டு, போர்வை விரித்து, விண்ணப்பத்தில் இல்லாத ஒரு பெரியப்பாவை எழுதினார்கள். வயது எழுபத்தொன்று. படுத்த படுக்கை. தானாக எழ முடியாது, தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் என்ற கட்டத்தில் அக்கா தன் கையெழுத்தைப் போட்டாள்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்னும் எழுதுக்கா," என்று சிரித்தாள் தங்கை. "நம்ம வீட்டுல ஒருத்தராவது நல்லாத் தூங்கட்டுமே."

சிரிப்போடு சிரிப்பாக அதையும் எழுதினாள். சோதிக்க ஆள் வந்த நாளில் மட்டும் பெரியப்பா வைத்தியரைப் பார்க்கப் போயிருந்தார்.

ஐந்தாம் நாளும் குழி இருந்தது. இடது பக்கமாக. கேட்டதற்கு, அந்த அறைக்கு நான் எதற்குப் போகிறேன், எனக்கென்ன வேலை வெட்டி இல்லையா என்றாள் தங்கை.

வாரக் கடைசியில், சத்தத்தை அளக்க விமான நிலையத்தார் ஒவ்வோர் அறையிலும் வைத்திருந்த சின்னப் பெட்டிகளை எடுத்துப்போகக் காதுக்காரர் வந்தார். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். வாசலில் நின்றபடியே தன் கருவியில் வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மத்த ரெண்டு அறையும் அமைதியா இருக்கும்மா. பின்னறையிலதான் விமானம் போகாத நேரத்துலயும் ஒரு சத்தம் விழுந்துட்டே இருந்துச்சு. போட்டுக் கேட்டா, குறட்டை." அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. "பாவம், பெரியவருக்கு எத்தனை நாள் தூக்கமோ. எழுப்பிராதீங்க."

அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் கண்ணாடி போகும். தூக்கம் போகும், வேலை போகும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மணிக்குத் தங்கை வேலைக்குக் கிளம்பிப் போனாள். அக்கா படுத்துக்கொண்டாள். திரைச்சீலையின் மேல் விமானங்களின் நிழல்கள் சத்தமே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துபோக, குழாய் சொட்டுவதும் குளிர்சாதனப் பெட்டி முனகுவதும் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதும்கூடக் கேட்கும் அளவுக்கு வீடு அடங்கிக் கிடக்க, அந்த அடக்கத்தின் அடியில், சுவருக்கு அப்பால், நிதானமாக இழுத்து நிதானமாக விடுகிற மூச்சு ஒன்று கேட்டது. தலையணையால் காதைப் பொத்தினாள். அப்போதும் கேட்டது.

எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். தைல வாசனையும் நாள்பட்ட வியர்வை வாசனையும் முகத்தில் அடித்தன. ஆள் படுத்தால் போர்வை மேடாக இருக்கும். இது பள்ளமாக இருந்தது. தலை, தோள், இடுப்பு, மடங்கிய முழங்கால். சுவரைப் பார்த்து, இடது பக்கமாக.

அடைத்த அறை, புழுக்கம், வாசனை, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். காற்று வந்தால் சரியாகிவிடும். சுவரோரமாக நகர்ந்து, ஜன்னல் கைப்பிடியைத் திருகிக் கண்ணாடியைத் தள்ளினாள்.

எட்டு மாதச் சத்தமும் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது. கட்டில் அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. விமானம் போய் முடிந்தது.

குறட்டை இல்லை.

பள்ளம் புரண்டது. மெதுவாக. அவள் பக்கம்.

கதவுக்கு நான்கு அடிதான். கால் எழவில்லை. போர்வையின் ஓரம் ஒரு கை நீளத்துக்கு உயர்ந்தது. அப்படியே நின்றது. காத்திருந்தது.

தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அவள் எழுதியது. அவள் கையெழுத்து.

சுட்ட முழங்கையைச் சில்லென்று ஐந்து விரல்கள் பற்றின. இழுத்தன. குனிந்தாள்.

அடுத்த விமானம் வந்தது.

போர்வை சரிந்தது. பாரம் ஏறியது. அவள் தோள் துணியில், ஒரு தலையின் அளவுக்கு, குழி விழுந்தது.