பிரிசம்: இல்லை

"அர்டிஸ், இதுல எந்தக் காப்பி என்னோடது?"

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் என் கணவர் விர்ஜில்.

மேஜையில் இருந்தது ஒரே கப்!

"போதும் உங்க ஜோக். பனி விழறதுக்குள்ள கூரை ஓரத்து இலையை அள்ளிப் போடுங்க."

"தலை வலிக்குதும்மா... பேப்பரை எடுத்தா எழுத்தெல்லாம் ரெட்டை ரெட்டையா ஓடுது."

"லேசர் பண்ணி மூணு வாரம்தானே ஆச்சு? கண்ணு காய்ஞ்சிருக்கும். சொட்டு மருந்து விடுங்க."

சொன்னவள் யார்? நான்தான்! அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு லேசர் கண் மருத்துவமனையில் பதினோரு வருடப் பரிசோதகர்!

பத்தே நிமிடம்...

அலறல்!

ஓடினேன். ஏணி அசையாமல் நின்றது. அதைப் பிடித்தபடி பக்கத்து வீட்டு ஹார்லன். கீழே விர்ஜில்... மூச்சில்லை.

"ரெண்டு பேருக்கும் சண்டையாமே?" டிடெக்டிவ் டிபடோ கேட்டாள்.

"ஆமா. ஹார்லன்கிட்ட இரவல் வாங்கின பனி தள்ளுற மெஷினை இவர் திருப்பித் தரல. 'உன்னைக் கவனிச்சுக்கறேன்டா'ன்னு ஹார்லன் கத்தினான்."

உண்மைதான். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான் கத்துவான். மறுநாளே இருவரும் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போவார்கள். அதை நான் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து டிபடோ மறுபடி வந்தாள். கையில் விர்ஜிலின் பழைய கண்ணாடி.

"ஹார்லனைப் பிடிச்சிட்டீங்களா?"

"விட்டுட்டேன். ஏணியில இறங்கறப்ப, 'ரெண்டு படி தெரியுதுடா, எதுல கால் வைக்க?'ன்னு உங்க வீட்டுக்காரர் கேட்டாராம். ஜோக்குன்னு ஹார்லன் சிரிச்சானாம். இன்னும் அழுதுட்டிருக்கான்."

டிபடோ பழைய கண்ணாடியை மேஜையில் வைத்தாள்.

"கிட்டத்துல பார்க்கறப்ப இவரோட ரெண்டு கண்ணும் ஒண்ணா சேராது, மிசஸ் ஹோகன்சன். சேர்த்து வெச்சது இந்தக் கண்ணாடிக்குள்ள இருந்த, ஒளியை வளைக்கிற பிரிசம். லேசர் பவரைச் சரி பண்ணும். இதைப் பண்ணாது."

"அதைப் பார்க்காம... ஆபரேஷன் பண்ண மாட்டாங்களே..."

என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"பழைய கண்ணாடியை மெஷின்ல வெச்சு அளக்கணும். சொந்தக்காரங்களை வேற ஆள்தான் சோதிக்கணும். உங்க ஆஸ்பத்திரி சட்டம்தானே?"

அவரைச் சோதித்த அன்று காத்திருப்போர் அறை நிரம்பி வழிந்தது. நம் வீட்டு ஆள்தானே! அவர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றச் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் கண்ணாடிக்கு முந்தைய, பிரிசம் இல்லாத பழைய சீட்டைப் பார்த்து எழுதிவிட்டேன்.

"அப்ப... யாரும் தள்ளிவிடலையா?"

"தள்ளினாங்க. அவர் விழறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

அன்றைய பரிசோதனைத் தாளை விரித்து வைத்தாள்.

'பிரிசம்: இல்லை.' கீழே கையெழுத்து.

ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டையும் திறந்து பார்த்தேன். கண்ணீரோடும் பார்த்தேன்.

எப்படிப் பார்த்தாலும் ஒரே கையெழுத்துதான்...

என்னுடையது!