பத்தொன்பது வயதின் வாக்கு

“அப்பா, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டா, அத அவரு எதுல எழுதி வைப்பாரு?”

வேதமுத்துவின் மகள் ஆறு வயதில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தவர், “எழுத மாட்டாரு பாப்பா. முன்ன எழுதி வச்சதையும் அழிச்சிருவாரு” என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. முட்டையின் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு விளையாட ஓடிப்போனாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. விசாகப்பட்டினத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை.

2081ஆம் ஆண்டின் தேர்தல் நாளும் தூத்துக்குடியில் மற்ற நாட்களைப் போலத்தான் விடிந்தது. கடல்சுவரின் மதகுகள் காலை ஓதத்துக்கு மூடிக்கொள்ளும் ஓசை கேட்டது. அந்த மதகுகளை முப்பது வருடம் இயக்கி ஓய்வு பெற்றவர் வேதமுத்து. ஜெபம் முடித்து, பங்கீட்டு நீரைக் குடத்தில் பிடித்து வைத்துவிட்டு, கைத்திரையை எடுத்துப் பார்த்தார். முன்வாக்கு வந்திருந்தது.

இப்போதெல்லாம் யாரும் வாக்களிக்கப் போவதில்லை. ஒருவர் வாழ்நாள் முழுவதும் எழுதியது, வாங்கியது, பேசியது, கையெழுத்திட்டது எல்லாவற்றையும் கணிப்பி என்ற ஏஐ படித்துவைத்திருக்கிறது. அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று அதுவே நிரப்பி அனுப்பிவிடும். சம்மதம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மாலை ஆறு மணிக்கு முன்வாக்கு தானாக வாக்காகிவிடும். மாற்ற நினைப்பவர்கள், தாலுகாவுக்கு ஒன்றாக விட்டுவைத்திருந்த மாற்றுச்சாவடிக்கு நேரில் போக வேண்டும். நூறில் இரண்டு பேர்கூடப் போவதில்லை. போகிறவர்களை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. தன்னையே தெரியாதவன் என்று.

வேதமுத்துவின் முன்வாக்கு நிலாத்ரி மொகந்திக்கு எதிராக இருந்தது.

அவர் வியந்துபோனார். ஒடிசாவில் இரண்டு பெருவெள்ளங்களில் இடுப்பளவு நீரில் நின்று வேலை செய்த மனிதர் மொகந்தி. நாட்டின் தலைவர் பதவிக்கு நிற்பவர். டேவிட் என்ற கால்நடை மருத்துவரோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறார். அதை முதல் கூட்டத்திலேயே மேடையில் சொன்னவர். வேதமுத்துவுக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

காரணம் என்ன என்று கைத்திரையில் கேட்டார். ஒரு பழைய தாள் விரிந்தது. 2034, தொழில்நுட்பக் கல்லூரி விடுதி. ‘ஒழுக்கக் கேட்டின் காரணமாக மாணவர் கிதியோனை விடுதியிலிருந்து நீக்கக் கோருகிறோம்.’ பதினான்கு கையெழுத்துகள். ஒன்பதாவது, பத்தொன்பது வயது வேதமுத்துவுடையது.

மனைவி கமலாவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

கிதியோன் அவருடைய அறைத் தோழன். இருவரும் முதன்முதலாக வாக்களித்தது ஒன்றாகத்தான். வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, மை வைத்த விரலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெட்டிக்கடையில் நன்னாரி சர்பத் குடித்தார்கள். கிதியோன் தம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டான்: “ஏல, என்னிக்காவது என்ன மாதிரி ஒருத்தன் நாட்டுக்குத் தலைவனா நிப்பானால?” வேதமுத்துவுக்குப் புரிந்தது. புரியாதது போல, “ஒன்ன மாதிரி கணக்குல பெயிலானவனா?” என்றார். கிதியோன் வாய்விட்டுச் சிரித்தான்.

அடுத்த மாதம் வேதமுத்துவுக்கு அம்மை போட்டது. விடுதியில் பாதிப் பேர் ஊருக்கு ஓடினார்கள். கிதியோன் போகவில்லை. பதினோரு நாள் கஞ்சி ஊட்டினான், விரிப்பைத் துவைத்தான், உள்ளே எரியும்போதெல்லாம் வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே பைபிளிலிருந்து சங்கீதம் படித்தான். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டிய வாரம், கிதியோன் இன்னொரு பையனுக்கு எழுதிய கடிதம் வார்டன் கையில் சிக்கியது. தாள் அறை அறையாக வந்தது. பொருக்கு உதிராத விரல்களால் வேதமுத்து கையெழுத்திட்டார்.

பெட்டியோடு வெளியேறும்போது கிதியோன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். “சொறிஞ்சிராதல. தழும்பாயிரும்” என்றான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓசூரில் இறந்துபோனானென்று யாரோ சொல்லித் தெரியவந்தது.

“என்னங்க, இட்லி ஆறுது. யாரு செத்தா? மூஞ்சி இப்படி இருக்கு” என்றாள் கமலா.

“ஒருத்தரும் இல்ல. பழைய தாள் ஒண்ணு வந்திருக்கு.”

“பழைய தாளுக்கா இந்த முழி?”

அவர் இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டார். பொய் ஒன்றுமில்லை. அந்தத் தாள் உண்மை. ஆனால் எத்தனை இரவு முழங்காலில் நின்று அழுதார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. கணிப்பிக்குக் கையெழுத்து தெரியும், கண்ணீர் தெரியாது. ஆறு மணிக்கு அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் மறுபடியும் ஒருமுறை கையெழுத்திடப் போகிறான்.

மூன்று மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் சந்தியாகு இருந்தார். சபைக் கமிட்டியில் உடன் இருப்பவர்.

“என்ன அண்ணாச்சி, மொகந்தி தேறுவாரா?”

“கணிப்பி நூத்துக்கு நாப்பத்தெட்டே முக்கால்னு சொல்லுது.”

“அப்ப தேறாது. ஆம்பளையும் ஆம்பளையும் குடும்பம் நடத்தட்டும், எனக்கென்னவே? ஆனா கொடியேத்தையில பக்கத்துல யாரு நிப்பா, சொல்லும்?”

“அவரு வீட்டுக்காரரு நிப்பாரு” என்றார் வேதமுத்து.

கடையே சிரித்தது. சந்தியாகு டீயைச் சிந்திக்கொண்டு, “மாட்டு டாக்டர்லாவே அவரு! நம்ம ஊருக்கு வந்தா என் ஆட்டுக்கு ஊசி போடச் சொல்லலாம்” என்றார். பிறகு, “ஆமா, சட்டையெல்லாம் போட்டு எங்க கிளம்பிட்டீரு?”

“காத்தாட.”

மாற்றுச்சாவடி ஒரு மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஆளே இருக்காது என்று நினைத்துத்தான் வந்தார். உள்ளே ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் பதினாறாம் வாய்பாடு பாதி அழிந்து கிடந்தது. முதுகுகளுக்குப் பின்னால் முதுகாக நின்று வெகுகாலமாகிவிட்டது. அந்தப் புழுக்கமும் கால்வலியும்கூட அவருக்கு இனித்தன.

பின்னால் குடையோடு ஒரு அம்மாள் வந்து நின்றாள். “கடைசி ஆளு நீங்கதானா?”

“நீங்க வந்துட்டீங்களே, இனி நீங்கதான்.”

அவள் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “எதுக்கு வந்தீகன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேட்ராதீக, அண்ணே.”

“கேக்கல தாயி.”

அதற்குப் பிறகு வரிசையில் முன்னால் நின்ற ஓரிருவர் இலேசாகத் திரும்பிப் பார்த்து, தலையசைத்தார்கள்.

அவர் முறை வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சிறிய திரை. பெயரைக் கேட்டது, முன்வாக்கைக் காட்டியது. மொகந்தியின் படத்தின்மேல் விரலை வைத்தார். ‘வாக்கு மாற்றப்பட்டது’ என்று எழுத்து வந்தது. தொடர்ந்து இன்னொரு கேள்வி:

‘மாற்றத்துக்கான காரணத்தைப் பதிய விரும்புகிறீர்களா? உங்களைச் சரியாகப் புரிந்துகொள்ள எங்களுக்கு உதவும்.’

கீழே வெற்றுக் கட்டம் ஒன்று காத்திருந்தது. இரண்டு வரி எழுதினால் போதும். இனி எந்தத் தேர்தலிலும் கணிப்பி அவரை அந்தப் பையனாக எண்ணாது. அவருடைய பெயருக்கு எதிரே அவருடைய மனமாற்றமும் என்றைக்கும் நின்றிருக்கும். கட்டத்தை நோக்கி விரல் ஒருமுறை போனது.

பிறகு ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டார். திரை அணைந்தது.

தடுப்புக்குப் பின்னால் இன்னும் ஒரு நிமிடம் நின்றார். கிதியோன் என்ற பெயரை, நாற்பத்தேழு வருடத்தில் முதல் முறையாக, உதடு மட்டும் அசையச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு இடம் விட்டு வெளியே வந்தார்.