கணுவுக்கு மூன்று

காலை 7.05. துடைப்பத்தோடு உள்ளே வந்தவள் முதலில் பார்த்தது லென்ஸைத்தான். ஜன்னல் வெயில் அதில் பட்டு, மேசைமேல் ஒரு சின்ன வெள்ளை வட்டமாக விழுந்திருந்தது. வட்டம் அசையவில்லை. லென்ஸைப் பிடித்திருந்த விரல்களும் அசையவில்லை. விரல்களுக்குப் பின்னால் ஒரு கண் திறந்திருந்தது.

"ஐயா, பெருக்கலாமா?" என்று கேட்டாள். பதினெட்டு வருஷமாகத் தினமும் கேட்கிற கேள்வி. பதில் வராத முதல் நாள் இதுதான்.

காலை 8.10. இன்ஸ்பெக்டர் அம்மா வாசலிலேயே சிறிது நேரம் நின்றார். அவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

அது உலர்ந்த செடிகளின் காப்பகம். நீள அறை, இரண்டு பக்கமும் கூரை வரை இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அட்டைத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு செடி, அழுத்திக் காயவைத்து ஒட்டப்பட்டது. அப்படி இரண்டு லட்சம் செடிகள். நூறு வருஷத்துக்கு முன் பறித்த பூ ஒன்று இன்னும் சிவப்பாகவே இருக்கும். பூச்சி வந்துவிடும் என்பதால் பச்சையாக எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறும். யாராவது கதவைத் திறந்தால் போதும், அலமாரிகளுக்குள் தாள்கள் மெல்லச் சரசரக்கும். பக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போலிருக்கும்.

"பொணக்கிடங்குல கூட இவ்வளவு கூட்டம் கிடையாது மேடம்," என்றார் ஏட்டு.

இறந்தவர் காப்பகத்தின் தலைவர். ஒரு செடி எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்த இனம் என்று சொல்வதில் அவர் வாக்கே கடைசி வாக்கு. எல்லாருக்கும் அவர் லென்ஸ்காரர். பின்னறையிலேயே தங்கியிருந்தார். மனைவி, மக்கள் இல்லை.

போலீஸ் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ராத்திரியே போயிருக்கார். வாந்தி எடுத்திருக்கார், குப்பைக்கூடையில இருக்கு. அப்பவும் எழுந்திரிக்காம வேலை பாத்திருக்கார். இதயத்தைப் பிடிக்கிற விஷம். வெளிய நடைபாதையில இருக்கிற காப்பிக் கப்புல இலைத் திப்பி இருக்கு. அரளின்னு நினைக்கிறேன். உறுதியா நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்தார். லென்ஸ், பேனா, பசைக்குப்பி. வேறொன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லாத மேசைய யாராவது லென்ஸ் வெச்சுப் பாப்பாங்களா?"

"வயசாயிட்டா பாப்பாங்க மேடம். எங்க மாமனார் நின்னுபோன கடிகாரத்தையே பாத்துட்டிருப்பாரு."

8.40. ஏட்டுக்கு வழக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. காப்பகத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு அரளி வேலி. கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூக்கள். வளர்த்தவர் தோட்டக்காரர். துடைப்பத்தோடு நின்றவள் அவர் மனைவி. தலைவருக்குச் சர்க்கரை போடாத கடுங்காப்பி போடுவதும் அவள்தான். தினமும் மாலை நாலரைக்கு ஃபிளாஸ்கை நடைபாதை அலமாரியில் வைப்பாள். அறைக்குள் தின்னவும் குடிக்கவும் கூடாது என்பதால் அவர் ஐந்து மணிக்கு வெளியே வந்து, நின்றபடி குடித்துவிட்டு உள்ளே போவார். அந்த அரைமணி நேரம் ஃபிளாஸ்க் அங்கே தனியாக இருக்கும். வருவோர் போவோர் யார் கையும் அதை எட்டும்.

மூன்று நாள் முன்பு, பள்ளிப் பிள்ளைகள் வந்துபோகிற இடம் என்று வேலியை வெட்டச் சொல்லியிருக்கிறார் தலைவர். தோட்டக்காரர் கத்தியிருக்கிறார். அது தெருவுக்கே கேட்டிருக்கிறது.

"என்ன சொன்னீங்க?" என்று இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குள் குனிந்து கேட்டார்.

தோட்டக்காரர் முழங்காலைப் பார்த்தபடி சொன்னார். "இதை வெட்டுறதுக்கு நீங்க செத்துப் போலாம்னு சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

"கோவம் மேடம். நாக்குக்கு எலும்பு ஏது?"

ஏட்டு ஒரு கிளையை நீட்டினார். தோட்டக்காரரின் கூடையில், வெட்டிப்போட்ட கிளைகளுக்கு அடியில் கிடைத்தது. மற்றவை இலையும் பூவுமாக இருக்க, இது மட்டும் மொட்டை. முழ நீளம். ஒவ்வொரு கணுவிலும் மூன்று குட்டைக் காம்புகள் முள் போல நீட்டிக்கொண்டிருந்தன. இலை ஒன்றுகூட இல்லை.

"இலை ஃபிளாஸ்குக்குள்ள, குச்சி கூடைக்குள்ள. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

"கூடை என்னுது. இந்தக் குச்சி என்னுது இல்ல," என்றார் தோட்டக்காரர்.

"பேர் எழுதி ஒட்டியா இருக்கு?"

மேலதிகாரி போனில் வந்தார். பன்னிரண்டு மணிக்குள் ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் போனை வைத்தபோது தோட்டக்காரர் மனைவி அருகில் வந்தாள். அழவில்லை. துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மேடம், இவரு எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாரு. காப்பி போட்டவ நான். யாரையாவது கூட்டிட்டுத்தான் போகணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு அடைச்சு வெச்ச ரூம்ல மூச்சு முட்டும்."

"மணி எட்டே முக்கால்தான் ஆகுது. கொஞ்சம் பொறுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

9.15. துணைக் காப்பாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண் சிவந்திருந்தது. அடுத்த மாதம் பெரிய ஆள் ஆகப்போகிறவர் என்று ஏட்டு விசாரித்து வைத்திருந்தார். புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாராம்.

"எனக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது. அரளின்னா என்ன? முதல்லேர்ந்து சொல்லுங்க."

வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும் போலிருக்கிறது. "அரளி அப்போசைனேசிங்கற குடும்பம் மேடம். அந்தக் குடும்பத்துல நிறையப் பேரினம். வேலியில இருக்கிறது நீரியம். கணுவுக்கு மூணு இலை, எதிரும் புதிருமா இல்லாம சுத்தி நிக்கும். கோயில் மணி கவுத்த மாதிரி மஞ்சப்பூ பூக்குமே, அதையும் ஜனங்க அரளின்னுதான் சொல்றாங்க. ஆனா அது வேற பேரினம். அதுல கணுவுக்கு ஒரே ஒரு இலை. ஒரே குடும்பம்தான், ஆனா தனிக்குடித்தனம். பங்காளிங்க மாதிரி."

"பங்காளின்னா விஷம் இருக்கத்தான் செய்யும்," என்றார் ஏட்டு.

"ரெண்டுலயும் இருக்கு சார்."

"உங்க புது இனம்?"

"மூணு இலை நீரியம், ஆனா மஞ்ச மணிப்பூ. உலகத்துல யாரும் பாத்ததில்ல."

"நேத்து ராத்திரி இவர் எதைப் பாத்துட்டிருந்தார்?"

அவர் பார்வை காலி மேசைக்குப் போய்த் திரும்பியது. "தெரியல. நான் அஞ்சு மணிக்குப் போயிட்டேன். காலையில இந்த அம்மா கூப்பிட்டப்புறம்தான் உள்ள வந்தேன்."

இன்ஸ்பெக்டர் சுவரில் மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். "இவ்வளவு பெரிய கிளைய இந்தச் சின்னத் தாள்ல எப்படி அடக்குறீங்க?"

"மறைக்கிற இலைய நறுக்கிடுவோம். ஆனா பிச்சு எடுக்க மாட்டோம். அடிக்காம்பை விட்டுட்டுத்தான் வெட்டணும். நாளைக்கு நாம இல்லாம போயிடுவோம், தாள் இருக்கும். பாக்கிறவனுக்கு இங்க ஒரு இலை இருந்துச்சுன்னு தெரியணும் இல்லையா? கணுவுக்கு எத்தனை இலைங்கறதை வெச்சுத்தான் அது யாருன்னே சொல்ல முடியும். போனது போகலாம், இருந்த அடையாளம் போகக் கூடாது. முதல் நாள் இதைத்தான் ஐயா எனக்குச் சொல்லிக் குடுத்தார்."

சொல்லி முடித்ததும் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவர்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. துணிக்கு அடியில் லென்ஸ் பிடித்த கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. அதை மடக்க டாக்டராலும் முடியவில்லை.

10.20. செடிகளைக் கோட்டோவியமாக வரைகிறவர் ஒரு ஐம்பது வயது அம்மாள். விரல் நுனியெல்லாம் மை.

"அந்தப் புது மஞ்சப்பூவை நான்தான் வரைஞ்சேன். இருக்கிறதை வரைவேன், இல்லாததை வரைய மாட்டேன். எனக்கு அவ்வளவுதான் படிப்பு."

"படம் எங்க?"

"முந்தாநாள் ஐயா வாங்கிட்டுப் போனார். பூக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல ஒரு புள்ளி வெச்சிருந்தேன். இது என்னன்னு கேட்டார். இருந்துச்சு, வெச்சேன்னேன். செடியக் கண்டுபிடிச்ச அந்தப் பையன் அதை அழிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டான். நான் முடியாதுன்னுட்டேன். ஐயா அவனைக் கூப்பிட்டு, ரெண்டு நாள் டைம் தர்றேன், நீயே வந்து சொல்லுன்னார்."

"என்ன சொல்லணும்?"

"அது அவங்களுக்குள்ள. நான் வரைஞ்சுட்டிருந்தேன். ஆனா பையன் முகத்தை அப்ப வரையச் சொல்லியிருந்தா, சுண்ணாம்புலதான் வரைஞ்சிருக்கணும்."

படம் தலைவரின் இழுப்பறையில் இருந்தது. புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்த பசைக்குப்பியைப் பார்த்தார். பிறகு, காலையில் இருந்து மூன்றாவது முறையாக, கூடையில் கிடைத்த மொட்டைக் குச்சியை எடுத்து ஒவ்வொரு கணுவாக எண்ணினார். மூன்று. மூன்று. மூன்று.

11.20. இன்ஸ்பெக்டர் வேலியிலிருந்து மூன்று கிளைகளை வெட்டிவரச் சொன்னார். தோட்டக்காரரையும் உள்ளே அழைத்து வந்தார்கள்.

துணைக் காப்பாளர் பதறினார். "மேடம், பச்சைச் செடி உள்ள வரக் கூடாது."

"ஒரு நாளைக்கு மன்னிச்சுக்குங்க. லேபுக்கு இலை தனியா, குச்சி தனியா வேணுமாம். எங்காளுங்களுக்குப் பழக்கமில்ல. ஆளுக்கு ஒண்ணு எடுத்து இலைய எடுத்துக் குடுங்க. சீக்கிரம், மணியாகுது."

கையுறைகள் வந்தன. பக்கத்து மேசையில் கத்தரிக்கோலும் இருந்தது. வேலை இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. தோட்டக்காரர் நுனியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஒரே இழுப்பாக உருவினார். தண்டு வழவழவென்று வந்தது. ஓவியர் ஒவ்வொரு இலையாக, கறிவேப்பிலை ஆய்வது போலக் கிள்ளி எடுத்தார். அவர் தண்டிலும் வெறும் தழும்புதான் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் மூன்று தண்டுகளையும் வரிசையாக வைத்தார். நான்காவதாகக் கூடையில் கிடைத்ததை வைத்தார்.

எங்கோ ஓர் அலமாரிக்குள் தாள்கள் சரசரத்தன. கதவை யாரும் திறக்கவில்லை.

மூன்றாவது தண்டும் நான்காவது தண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தன. கணுவுக்குக் கணு மூன்று குட்டைக் காம்புகள்.

துணைக் காப்பாளர் கத்தரிக்கோல் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"தோட்டக்காரனுக்கு இலைன்னா குப்பை. அவன் உருவிடுவான்," என்றார் இன்ஸ்பெக்டர். "விஷத்துக்காகப் பறிக்கிறவனும் அவசரத்துல பிச்சுத்தான் எடுப்பான். கொலை செய்யப்போற நேரத்துலயும், இங்க ஒரு இலை இருந்துச்சுன்னு அடையாளம் விட்டுட்டு வெட்டுறது ஒரே ஒரு தொழில்காரங்க. அவங்கள்ல ரெண்டு பேர்தான் இந்தக் கட்டடத்துல இருந்தாங்க. ஒருத்தர் இப்ப இல்ல."

"கை அதுவா..." என்று தொடங்கிய துணைக் காப்பாளர் நிறுத்திக்கொண்டார்.

"மூணு இலைத் தண்டு வேலியிலேர்ந்து வந்துச்சு. மஞ்சப்பூ பங்காளி வீட்டுலேர்ந்து. நடுவுல ஒரு சொட்டுப் பசை. உங்களை நீங்களே திருத்திக்க ஐயா ரெண்டு நாள் குடுத்தார். நீங்க அந்த ரெண்டு நாளை, தோட்டக்காரர் போட்ட சத்தத்தைச் சாக்கா வெச்சு, அவர் கூடையில குச்சியப் போடப் பயன்படுத்திக்கிட்டீங்க. ஐயா நேத்து பாத்துட்டிருந்த தாள் எங்க?"

துணைக் காப்பாளருடைய மேசையின் அடி இழுப்பறையில் இருந்தது. அழிக்கவில்லை, செடி ஒட்டிய தாளைக் கிழிக்க அந்தக் கைக்குத் தெரியாது. தாளின் வலது கீழ் மூலையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பழைய பெயரை அழிக்காமல், திருத்தத்தைத் தனிச்சீட்டில் எழுதிக் கீழே ஒட்டுவதுதான் அங்கே முறை. எழுத்து கோணியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. *தண்டும் இலையும் ஒன்று. பூ வேறொன்று. இது ஒரு செடி அல்ல.* கீழே கையெழுத்து, நேற்றைய தேதி.

"அவர் வாந்தி எடுத்துட்டு உக்காந்து இதை எழுதியிருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலையில ஆறு மணிக்குப் பின்கதவு வழியா வந்தேன்." அவர் குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "தூங்குறார்னு நினைச்சேன். லென்ஸுக்கு அடியிலேர்ந்து தாளை இழுத்தேன். அப்பத்தான் நிமிர்ந்து பாத்தேன். லென்ஸுக்குள்ள அவர் கண்ணு இவ்வளவு பெருசா இருந்துச்சு. என்னையும் ஒரு செடி மாதிரி பாத்துட்டிருந்தார்."

ஏட்டு அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

11.55. இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். பன்னிரண்டு மணிக்கு ஆள் வரும், ஆனால் வேறு ஆள் என்றார்.

தோட்டக்காரர் வாசலுக்குப் போய், வெளிக்காற்றை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டார். ஓவியர் அவரிடம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "வேலிய என்ன பண்ணப் போறீங்க?"

"வெட்டத்தான் போறேன்மா. அவரு சொன்னது சரிதான். இதை அவரு இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்."

1.30. உடலை எடுத்துப் போய்விட்டார்கள். மேசையெல்லாம் அரளி இலைகளும் உதிர்ந்த பூக்களும். இரண்டு லட்சம் செத்த செடிகளுக்கு நடுவே, அந்த அறையில் அன்றுதான் முதல் தடவையாகப் பூ மணத்தது. தோட்டக்காரர் மனைவி துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, பெருக்கலாமா?" என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்டபிறகுதான் யாரைக் கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வழக்கம்போல ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான், குனிந்து பெருக்கத் தொடங்கினாள்.