கடைசியில் நிற்பவள்

பேருந்து அக்காவையும் தங்கச்சியையும் ஒரு பழைய விடுதி வாசலில் இறக்கிவிட்டபோது வெயில் இன்னும் சாயவில்லை. தையல் ஆலையில் துணி வெட்டுகிற அக்காவுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். பாதி கைவேலையால் வந்தது, மீதி வாயால் வந்தது. அங்கேயே பொத்தான் தைக்கும் தங்கச்சியைப் பொடிசு என்பார்கள். இளம்பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஆலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். "எப்படிக் கூட்டிட்டுப் போறியோ, அவளை அப்படியே கூட்டிட்டு வா" என்று கத்தரியிடம் சொல்லித்தான் அம்மா விட்டிருந்தாள்.

சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அதையும் மீறி, நாள்கணக்கில் ஊறிக் கிடந்த துணியின் வாடை.

முதல் விளையாட்டுக்குப் பயிற்சி மேடம் எல்லார் கண்ணையும் கறுப்புத் துணியால் கட்டினார். முன்னால் நிற்பவள் தோளில் கை வைத்து நடக்க வேண்டும். முதலில் நிற்பவள் தலைவி. விசில் ஊதினால் அப்படியே திரும்ப வேண்டும். கடைசியில் நின்றவள் தலைவியாகிவிடுவாள். மேடம் சொல்லும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது, கையை எடுக்கக் கூடாது.

"தலைவியாகணும்னா முதல்ல கண்ணைக் கட்டிக்கணுமாம்," என்றாள் கத்தரி. "நம்ம சூப்பர்வைசரைப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"பேசாம வாக்கா. மேடம் காதுல விழும்."

பொடிசுக்குப் பின்னால், வரிசையின் கடைசி ஆளாக நின்றாள் கத்தரி. நீண்ட நடைவழியில் வரிசை ஊர்ந்தது. செருப்புச் சத்தம், அடக்கிய சிரிப்பு.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

யாரோ தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்தாள். "யாருடி அது? கையைக் கழுவினா துடைக்கிற பழக்கமில்லையா?"

தோளிலிருந்து முதுகுக்கு ஈரம் இறங்கியது.

விசில்.

எல்லாரும் திரும்பினார்கள். பொடிசின் கை அக்காவின் தோளுக்கு வந்தது. கத்தரி முன்னால் கை நீட்டினாள். ஒடிசலான ஒரு தோள் தட்டுப்பட்டது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அது நடந்தது.

இவர்களும் நடந்தார்கள். பின்னால் சிரிப்பு தேய்ந்தது. செருப்புச் சத்தமும் தேய்ந்தது. காலடியில் படிகள் வந்தன. இறங்கி, இறங்கி, இன்னும் இறங்கி. கத்தரி கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் பசை போட்டாற்போல் ஒட்டியிருந்தன. கண்கட்டை அவிழ்க்க மறு கையைத் தூக்கினாள். அதுவும் எழவில்லை.

"பொடிசு," என்றாள் மூச்சுக்குரலில். "கையை எடு."

"எடுத்தா தோத்துடுவோம்க்கா."

"நான்தானே தலைவி, நான் சொல்றேன். எடுத்துட்டு ஓடு."

அது பொய். தலைவி வேறொருத்தி.

பொடிசின் கை நழுவியது.

முன்னால் போன தோள் நின்றது. மெல்லத் திரும்பியது. குளிர்ந்த மூச்சு ஒன்று கத்தரியின் கன்னத்தில் பட்டது. பிறகு அவளை உரசிக்கொண்டு பின்பக்கமாகப் போனது.

விரல்கள் விடுபட்டன. கட்டைப் பிய்த்தெறிந்தாள். எதிரே செங்கல் வைத்து அடைத்த வாசல். படி என்று ஒன்றுமே இல்லை, சமதரை. நடைவழியின் மறுகோடி வெளிச்சத்தில் மற்றப் பெண்களோடு பொடிசும் நின்றிருந்தாள். கத்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காய்ச்சல் என்று சொல்லி அடுத்த பேருந்திலேயே தங்கச்சியை இழுத்துக்கொண்டு ஏறினாள். பயிற்சி போன கோபத்தில் பொடிசு முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். கத்தரி அவளுக்குப் பின்னால்.

விடுதி மறைந்தது. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள் கத்தரி.

பொடிசு திரும்பாமலே சொன்னாள்:

"அக்கா, கையை எடு. சட்டையெல்லாம் நனையுது."