மூன்றாம் எண் திரை

கம்ப்யூட்டரின் திரை அமைப்பில் மூன்று கட்டங்கள் தெரிந்தன. திரைக்கொன்றாக இருக்க வேண்டியவை இரண்டுதான். மடிக்கணினி எண் ஒன்று, பக்கத்தில் இப்போதுதான் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்க்ரூ முடுக்கி நிறுத்திய பெரிய மானிட்டர் எண் இரண்டு. மூன்று என்று எண் போட்ட கட்டம் இவற்றோடு ஒட்டாமல் இடது ஓரத்தில் தனியாக நின்றது. அவர் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தார். போவேனா என்றது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. மானிட்டரில் வெயில் பட்டுக் கண் கூசியதால் கூடத்தின் கனத்த ஜன்னல் சீலைகளை இழுத்து மூடியிருந்தார். அந்த மங்கலில் புது பிளாஸ்டிக்கின் வாடையும், விரலைவிட்டுப் போகாத தெர்மாகோல் துகளும், சுவருக்கு அப்பால் லிஃப்ட் ஏறி இறங்கும் ஓசையும் இருந்தன. லிஃப்ட் மெக்கானிக்கின் காது சும்மா இருக்குமா, நாலாவது மாடியில் உருளை தேய்ந்து கரகரப்பதைக்கூட அது கணக்கெடுத்தது. இடது கைப்பக்கம் படுக்கையறை. அந்தக் கதவைத் திறந்து நாலு மாதம் ஆகிறது.

வேலையில் கூட்டாளியான மீசைக்குப் போன் செய்தார். "சும்மா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்கண்ணே, பழையபடி ஏதாவது விளையாடுங்க" என்று இந்த மானிட்டரை வாங்க வைத்ததே அவன்தான்.

"மூணா? உங்க லேப்டாப்ல மானிட்டர் செருக ஒரு ஓட்டைதானே இருக்கு?"

"அதான் கேக்கறேன்."

"பழைய மானிட்டர் நினைப்புல இருக்கும்ண்ணே. அந்தக் கட்டத்தைத் தொட்டு நீக்கிடுங்க. ஒருவேளை எல்லாம் இருட்டாயிடுச்சுன்னா பதறாதீங்க. எதையும் தொடாம பதினஞ்சு செகண்ட் இருங்க, தானா பழையபடி வந்துடும். 'இப்படியே இருக்கட்டுமா?'ன்னு திரையில கேக்கும், யாராவது 'இருக்கட்டும்'னு அமுக்கினாத்தான் அப்படியே நிக்கும்."

"இங்க யார் இருக்கா அமுக்க?"

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு மீசை வைத்துவிட்டான்.

பழைய மானிட்டர் மனைவியுடையது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய் அவள் பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது, கால்மாட்டில் அதை நிறுத்தி, கூடத்திலிருந்து கதவுக்கு அடியில் நீளக் கேபிள் இழுத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலே அறையை அடைத்துக்கொண்டதால் அவருக்கு உள்ளே இடமில்லை. இங்கே தெரிவது அங்கேயும் தெரியும். மூடுபனிக்குள் தீவு தீவாகப் போய்க் கடிதம் சேர்க்கும் ஒரு படகு விளையாட்டு. ஓட்டுவது இவர், அதிகாரம் அவளுடையது.

"கேப்டன் சார், இடது பக்கம் பாறை. கண்ணைக் கழட்டிப் பாக்கெட்ல வச்சிட்டீங்களா?"

அவள் கையில் ஒரு வயரில்லாத மவுஸ் இருக்கும். பாறை வந்தால் திரையில் அம்புக்குறி அதைச் சுற்றிச் சுற்றி வரும். கம்ப்யூட்டரின் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் அவள்தான். திட்டினாலும் தாய்மொழியில் திட்டட்டும் என்பாள். குரல் போன பிறகு கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டினாள். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது. விடாமல் தட்டினால், இங்கே வா.

காரியமெல்லாம் முடிந்ததும் அந்த மானிட்டரையும் கேபிளையும் மச்சினி வாங்கிப் போனாள். "அக்கா ஞாபகமா வச்சிக்கறேன் மாமா" என்றாள். அறைக்குள் இப்போது கட்டிலைத் தவிர ஒன்றும் இல்லை. மவுஸ் மட்டும் தலையணைப் பக்கம் கிடந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை.

எந்தத் திரைக்கு எந்த எண் என்று காட்ட ஒரு பொத்தான் உண்டு. 'அடையாளம் காட்டு'. அமுக்கினார். மடிக்கணினியில் வெள்ளையாக ஒன்று. பெரிய மானிட்டரில் இரண்டு. படுக்கையறைக் கதவுக்கு அடியில், தரையோடு தரையாக, ஒரு வெள்ளைக் கோடு.

எண்கள் மறைந்தன. கோடும் மறைந்தது.

வெயிலாக இருக்கும், எதிர்வீட்டுக் கண்ணாடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அமுக்கினார். ஒன்று, இரண்டு, வெள்ளைக் கோடு. எண் இருந்த அத்தனை நேரமும் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து டெட்டால் வாடையும், படுத்தே கிடந்த உடம்புக்குப் போடும் பவுடரின் வாடையும் மெல்ல வந்தன.

எழுந்துபோய்க் கதவைத் திறக்கலாம். பேய் என்று பயமில்லை. அவள் என்ன கேட்பாள் என்று தெரியும், அதுதான் பயம்.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றுதான் ஊருக்கெல்லாம் சொன்னார். அன்றைக்கும் மதியம்தான். மருந்து கொடுத்து அவள் கண்ணயர்ந்ததும், வெளிச்சம் எழுப்பிவிடும் என்று ஒரு சாக்கைத் தனக்கே சொல்லிக்கொண்டு, 'ஒன்றில் மட்டும் காட்டு' என்று மாற்றினார். அவள் திரை இருண்டது. கடைசித் தீவு பாக்கி இருந்தது. தட்டல் இல்லாமல், அதிகாரம் இல்லாமல், ஒரே ஒரு தடவை தானாக ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஹெட்போன் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம். அவள் பார்க்க ஏங்கிய கலங்கரை விளக்கத்தை அவளில்லாமல் பார்த்து முடித்தார்.

உள்ளே போனபோது கரண்டி அவள் கையில் இருந்தது. கட்டில் கம்பியில் ஒரே இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து, இரும்பு தெரிந்தது. கீழே விரிப்பெல்லாம் வெள்ளைத் தூள். மறுநாள் யாரும் வருவதற்குள் அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்தார்.

பாவி. என்னதான் பெயிண்ட் அடித்தாலும் அது உதிர்ந்த இடம்தானே.

மூன்றாம் கட்டத்தைத் தொட்டார். 'இந்தத் திரையை நீக்கு' என்று வந்தது. மறுபடியும் அவள் திரையை அணைப்பதா? ஆனால் இது இருக்கும்வரை இந்த வீட்டில் உட்கார முடியாது.

"மன்னிச்சிடும்மா," என்று அமுக்கினார்.

மடிக்கணினி இருண்டது. பெரிய மானிட்டரும் இருண்டது. கதவுக்கு அடியில் வெளிச்சம்.

பதறக்கூடாது. பதினைந்து விநாடி. எதையும் தொடாமல் இருந்தால் போதும். அந்தக் கேள்வி இப்போது எந்தத் திரையில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். எண்ணினார். ஒன்று. இரண்டு. லிஃப்ட் ஓசை நின்றிருந்தது. ஆறு. ஏழு. எட்டு.

கதவுக்குப் பின்னால், டிக்.

மவுஸ்.

பதினைந்து. பதினாறு. முப்பது. இருட்டு இருட்டாகவே நின்றது.

வெளிச்சம் நீலமாக மாறியது. அந்தக் கடலின் நீலம். கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் படகின் மோட்டார் மெல்ல உயிர்பெற்றது. முதல் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. பாறை பாறையாக விலகி, ஒன்றிலும் இடிக்காமல், நிதானமாக.

எழுந்துபோய் ஜன்னல் சீலையை விலக்கினால் போதும். கால் எழவில்லை. தொடையைக் கிள்ளிப் பார்த்தார். இன்னும் பலமாகக் கிள்ளினார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

கை துழாவியது. மானிட்டருக்கு முடுக்கிய ஸ்க்ரூடிரைவர் அகப்பட்டது. மேசையின் இரும்பு விளிம்பில் தட்டினார்.

தட்டினார். விடாமல் தட்டினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் படகு போய்க்கொண்டே இருந்தது. ஒரு தீவு முடிந்து அடுத்த தீவு. அவள் ஆட்டத்தில் இருந்தாள்.

மேசை விளிம்பில் பெயிண்ட் உதிர ஆரம்பித்தது. தூள் அவர் விரல்களில் ஒட்டியது.