முட்டை தின்ற பழி

விடிந்ததும் விடியாததுமாகக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள் நாத்தனார். தரையெங்கும் முட்டை ஓடு!

“சர்க்கரை வந்து, கால் புண்ணோட கெடக்கறான் என் தம்பி. பத்தியமா பருப்பும் கீரையும் சாப்பிடறான். நீ மட்டும் முட்டையா அவிச்சு முழுங்கறியா? நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?”

‘நான் தின்னல அண்ணி’ என்று வாய்வரை வந்ததைத் தம்பி மனைவி அடக்கிக்கொண்டாள். அடுத்த அறையில் கணவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பஸ் ஓட்டுகிறவன். புது ஷூ கடித்த புண் ஆறவே இல்லை. உடம்பில் புரதம் போதவில்லை, முட்டை கொடுங்கள், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டை தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்று டிப்போவில் எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இவன் தட்டைத் தள்ளிவிட்டான். அக்காவும் ஒத்து ஊதினாள். மனைவி என்ன செய்வாள் பாவம்! அவித்த முட்டையைப் பருப்போடு மிக்ஸியில் அரைத்து, மிளகைத் தூக்கலாகப் போட்டுப் பரிமாறினாள். தெரிந்தால் அந்தப் பருப்பையும் தொடமாட்டான். விரல் போனால் வேலையும் போச்சு. தனக்குத் தீனிக்காரி என்ற பெயர் வந்தால் வரட்டும்!

“தின்னா தின்னுட்டுப் போயேன்... ஒளிச்சுத் தின்னணுமா?” என்றான் கணவனும்.

அதுதான் அவளைக் குத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடுகளைப் பொறுக்கினாள்.

அன்று கட்டு மாற்ற மூவரும் கிளினிக் போனார்கள். கட்டைப் பிரித்த நர்ஸின் முகம் மலர்ந்தது.

“அட, புதுச் சதை வளர்ந்திருக்கே! சர்க்கரையும் கட்டுக்குள்ள இருக்கு. விரலுக்கு இனி பயமில்ல. முட்டை சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்களா?”

“முட்டையா? நான் தொடறதே இல்லையே!”

“தொட்டீங்க... தெனமும்” என்றாள் மனைவி, தலையைக் குனிந்தபடி. “பருப்புல அரைச்சுப் போட்டேன். சொன்னா சாப்பிட மாட்டீங்களேன்னு...”

“அடிப்பாவி! அதையா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்?” அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும்.

நாத்தனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அத்தனை ஏச்சு ஏசினேனே... எங்கிட்டயாவது சொல்லக்கூடாதாடி?”

“நீங்க தம்பிகிட்ட சொல்லிடுவீங்களே அண்ணி.”

“சொல்லித்தான் இருப்பேன்! என் வாயி அப்படி!” அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். சட்டென்று நிமிர்ந்தாள். “ஆமா... இத்தனை முட்டை அவிச்சியே, நீ ஒண்ணாவது தின்னியா?”

“இல்ல அண்ணி.”

“வா வீட்டுக்கு. இன்னிக்கு அடுப்புப் பக்கம் நீ வரவே கூடாது. நான் அவிக்கறேன், இவன் உரிப்பான். நீ உக்காந்து சாப்பிடு.”