நூற்றுப் பதினெட்டாம் மாடத்துக் குழந்தை

“என் பிள்ளை அங்க இல்ல சார்” என்றார் ஜோசபின். தேநீரை அவர் தொடவே இல்லை.

ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி அற்புதராஜ் சிங்கப்பூரில் தம் தோ பாயோ வீட்டில் அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஹலீமாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஜோசபின் கையிலிருந்த பதிவுச் சீட்டு அவளே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது.

1957ஆம் ஆண்டில் ஜோசபினுக்கு வீட்டிலேயே ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்தது. பெயரில்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. வீடுகள் கட்டக் கல்லறைத் தோட்டத்தை எடுத்தபோது, எஞ்சியதைப் பேழையில் வைத்து, ஹலீமா வேலை பார்க்கும் தனியார் நினைவு மண்டபத்துச் சுவர் மாடங்களுக்கு அனுப்பினார்கள்.

“118ஆம் மாடம்னாங்க. ரெண்டு வருஷமா மெழுகுவர்த்தி ஏத்துறேன். அங்க நின்னா யாரோ பின்னாலருந்து கூப்பிடற மாதிரியே இருக்கு. போன வாரந்தான் சீட்டு வாங்கினேன். ஆண்னு போட்டிருக்கு! என் மாதா பதக்கத்தை அவ கையில வச்சுத்தான் புதைச்சோம்.”

மண்டபத்தில் தனியாக இருக்கும்போது ஹலீமாவுக்கும் அந்தக் குரல் கேட்டதுண்டு. பைத்தியம் என்பார்களே என்று யாரிடமும் சொன்னதில்லை.

“யாரும் கேட்டு வராத பேழையை என்னம்மா செய்வாங்க?” என்றார் அற்புதராஜ்.

“சனிக்கிழமை கடல்ல கரைக்கப் போறாங்க அங்கிள்” என்றாள் ஹலீமா.

அன்று வியாழன்.

மறுநாள் காலை மூவரும் மண்டபத்துக்குப் போனபோது மேலாளர் எட்மண்ட், “டைப்பிங் மிஸ்டேக் லா” என்று கையை விரித்தார். அற்புதராஜ் வாதாடவில்லை. பிறப்புப் பத்திர எண் இல்லாதவர்களின் பட்டியலை மட்டும் கேட்டார். ஹலீமா விசையைத் தட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது: 118. பிறகு, கல்லறைகளைத் தோண்டியவர்கள் கைப்பட எழுதிய நோட்டை வாங்கிப் புரட்டினார்.

எல்லாரையும் எட்மண்டின் மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னார்.

“இத்தனை பேர்ல எண் இல்லாதது ஒண்ணே ஒண்ணுதானா? அதுதான் என்னை உறுத்துச்சு. நோட்டுல எண்ணுக்குப் பதிலா ஏழு இடத்துல கோடு இருக்கு. ஹலீமா, ரெண்டாவது கோடு வந்தப்போ எண்ணைக் காலியா விட்டு ஏத்தினியே, அப்போ கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சு?”

“ஏற்கெனவே இருக்குன்னு... ஒரே எண் ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு யூனிக் இண்டெக்ஸ் போட்டிருக்கோம்.” அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக் கோடுகளை எண்ணினாள். “சில சிஸ்டம் காலியா எத்தனை வந்தாலும் விட்டுடும். எங்களோடது காலியையும் ஒரு எண்ணா எடுத்துக்கும். ஒண்ணைத்தான் உள்ள விடும்.”

“ரெண்டு பேரோட எண்ணும் தெரியலன்னா, ரெண்டு பேரும் ஒரே ஆளா? முதல்ல வந்த பையன் அந்த ஒரே காலி இடத்தைப் பிடிச்சுட்டான். மத்த ஆறையும் இரட்டைப் பதிவுன்னு தள்ளிட்டீங்க. இவங்க வந்து கேட்டப்போ, இருந்த ஒரே காலி வரியைக் காட்டிட்டீங்க. பதிவு இல்லேன்னா மாடம் இல்ல. அப்போ அந்த ஆறு பேழையும் எங்க, எட்மண்ட்?”

எட்மண்ட் சாவிக்கொத்தை எடுத்தார். “118க்கு எதிர்ல இருக்கிற ஸ்டோர்ல. நாளைக்கு அனுப்ப வேண்டியதோட.”

நான்காவது பேழையில் கறுத்துப்போன மாதா பதக்கம் கிடந்தது. ஜோசபின் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். தன் விரல்கள் செய்த வேலை இது என்று ஹலீமாவும் அழுதாள். அன்றே ஆறு பேழைகளுக்கும் மாடம் ஒதுக்கி, மாடத்து எண்ணையே அடையாளமாக வைத்துப் பதிந்தாள்.

பதிந்து முடிக்கும்வரை ஜோசபின் நகரவில்லை.

“118ல இருக்கிற பையனை இனி யாரும்மா பார்ப்பா? ரெண்டு வருஷமா என்னைத்தானே அம்மான்னு நெனச்சிருப்பான்” என்றார். பிறகு பையைத் திறந்து பணத்தை எடுத்தார். “ஏழு மெழுகுவர்த்தி வாங்கிட்டு வர்றியா?”